மூன்றாம் மாடிப் படிக்கட்டு ஜன்னல்

மார்ச் பதினாறு. ஒனேகா ஏரி இன்னும்
லாரி தாங்கும் கெட்டியில் கிடக்கிறது.
டிராலிபஸ் டெப்போவில் இரவுப் பணி முடித்து வந்து
பூட்ஸைக்கூடக் கழற்றாமல்
பொட்டலத்தைப் பிரித்தேன்.

முட்டைகோஸ் விதை
கடுகுக்கு ஒன்றுவிட்ட தங்கை.
அதே உருண்டை, அதே கறுத்த பழுப்பு,
கை தவறினால் அதே ஓட்டம்.
ஒன்று அடுப்புக்கு அடியில் ஓடிப்போனது.
குனிய முதுகு சம்மதிக்கவில்லை.

தயிர்க் கோப்பைகள் பத்தொன்பது.
அடியில் காய்ச்சிய ஆணியால் ஓட்டை.
நகக்கண் ஆழத்தில் ஒவ்வொரு விதை,
மேலே சலித்த மண்,
அதன்மேல் பால்கனிப் பனியை உருக்கிய நீர்.

இரண்டு நாள் எதுவும் நடக்கவில்லை.
நடக்காததுபோல் இருந்தது.
உள்ளே குடித்துக் குடித்து உப்பி
தோல் தெறித்து
வேர்தான் முதலில் புறப்படுகிறது, கீழ்நோக்கி.
வெளிச்சத்துக்கு அவசரமில்லை அதற்கு.

எனக்குத்தான் அவசரம்.
மூன்றாம் நாள் ஒன்றைத் தோண்டினேன்.
வேரைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு.
பூஞ்சணம் என்று குப்பையில் எறிந்தேன்.
அது வேரின் ரோமம்,
தண்ணீர் தேடும் வாய்கள் என்று
டெப்போவில் வெல்டர் அக்சீன்யா சொன்னாள்,
சிரிக்காமல்.

பதினெட்டு.

ஐந்தாம் நாள் மண் கீறி
வளைந்த கழுத்துகள் வந்தன, தலை உள்ளேயே இருக்க.
முதுகால் முட்டித்தான் மண்ணைத் திறக்கின்றன.
மாலைக்குள் நிமிர்ந்தன,
கம்பியிலிருந்து கழன்ற டிராலிபஸ் கொம்பு
திரும்பவும் மேலே தடவுகிற மாதிரி.
சிலதின் தலையில் விதைத்தோல் தொப்பி
கழலாமல்.

என் வீட்டு ரேடியேட்டர் என் பேச்சைக் கேட்காது.
மே மாதம் நகராட்சி அணைக்கும்வரை
அது கொதிக்கும், நான் ஜன்னலைத் திறப்பேன்.
நாற்றுகளோ அந்தச் சூட்டில்
வெந்த சேமியாவாய் நீண்டன,
வெளுத்து, கால் தாங்காமல்.
குளிர் வேண்டும் கோஸுக்கு.
மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவே
படிக்கட்டு ஜன்னல், எட்டு டிகிரி.
கொண்டுபோய் வைத்தேன்.

நாலாம் மாடியில் தீஹன் லுகிச்.
போன வருஷத்துக்கு முந்திய வருஷம்
குழாயை மூடாமல் தூங்கி
என் சமையலறைக் கூரையை ஊறவைத்த ஆள்.
அன்றிலிருந்து வணக்கம் கிடையாது.
கறைக்கு வெள்ளையடிக்கவில்லை நான்.
சாட்சி அது.

நாற்றுகள் கண்ணாடிப் பக்கம் சாய்ந்தன.
மறுநாள் காலை வேலை முடிந்து ஏறுகிறேன்,
பதினெட்டும் என் பக்கம் தலைசாய்த்திருக்கின்றன.
யாரோ கோப்பைகளைத் திருப்பியிருக்கிறார்கள்.
அதற்கு மறுநாளும்.
மெல்ல மெல்லத் தண்டுகள் நேராயின.

ஏப்ரலில் கருங்கால் வந்தது.
மண்ணைத் தொடும் இடத்தில் நூலாய் இற்று
ஒரே இரவில் ஐந்து படுத்தன.
பிடுங்கி எடுத்தேன். பேசவில்லை யாரிடமும்.
விடிந்தபோது மிச்சமிருந்தவற்றின் காலடியில்
சாம்பல் தூவியிருந்தது, வட்டமாக, அளவாக.
இந்தக் கட்டடத்தில் யாருக்கும் விறகடுப்பு இல்லை.
ஏரிக்கரையில் குளியல் குடிசை வைத்திருப்பது
ஒரே ஒரு ஆள்.

பதின்மூன்று.

நடுவில் பள்ளம் விழுந்த அந்த இரட்டை இலைகள்
விதையோடு வந்தவை, கட்டுச்சோறு மாதிரி.
மூன்றாவது இலைதான் செடியின் சொந்தச் சம்பாத்தியம்:
நரம்போடியது, விளிம்பு நெளிந்தது,
நீலம் பூத்த மெழுகு மேலே.
தெளித்த நீர் முத்தாகி உருண்டது.
அதைப் பார்த்துக்கொண்டே
படியில் உட்கார்ந்து ரொட்டி தின்றேன்.
மேலே ஒரு கதவு திறந்து
மறுபடி சாத்திக்கொண்டது.

மே இருபது. ஒன்பதைத் தோட்டத்தில் நட்டேன்.
நாலை நாலாம் மாடி வாசலில் வைத்து
மணியடிக்காமல் இறங்கினேன்.
திங்கட்கிழமை என் கதவடியில்
நாலு காலிக் கோப்பைகள்,
கழுவி, ஒன்றுக்குள் ஒன்றாக.

அன்று அடுப்பை நகர்த்திப் பெருக்கினேன்.
ஓடிப்போன விதை அங்கேயே இருந்தது,
இன்னும் உருண்டையாக, முளைக்காமல்.
சமையலறையில் அவர் தண்ணீர் எட்டாத
ஒரே மூலை அது.